சுறா வறையும் லெமூர்த் தாயும்

ஸ்ரீபன் மூன்றாம் தரமாகச் சட்டியைக் கொண்டுவந்து நீட்டினான். பால்சுறா வறை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க இதைவிட்டால் வேறு மருந்தில்லை என்பது மன்னாரில் பிறந்த அவனுக்கு வேதவாக்கு. பாரிஸின் லா சப்பல் மீன்கடைகளெல்லாம் நாயாய் அலைந்து வாங்கி, உதிர்த்து, உள்ளியை அள்ளிக் கொட்டி வறுத்திருந்தான். அவன் மனைவி றெஜினாவுக்கோ மணமே குமட்டியது.

ஒரு கிழமையாக இதே பாடுதான். ஏழாம் மாதமே அவசரப்பட்டுப் பிறந்த மகள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். தாய்ப்பால்தான் அந்தக் குடலுக்கு நல்லது என்று டொக்டர் சொன்னதிலிருந்து றெஜினாவுக்கு நித்திரை போயிற்று. மெசினை வைத்து இழுத்து இழுத்துப் பார்த்தாள். போத்தலின் அடிகூட நனையவில்லை.

இந்தச் சுறாவிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று அன்றைக்குப் போனில் தேடினாள். பால்சுறாவும் வயிற்றுக்குள் தொப்புள்கொடியோடுதான் குட்டிகளை வளர்க்கிறதாம். பெற்றதோடு சரி, திரும்பியும் பார்க்காதாம். அடுத்து வந்த வீடியோவில் மடகாஸ்கரின் வரிவால் லெமூர். உள்ளங்கையளவு குட்டி, பிறந்த கையோடு தாயின் வயிற்று ரோமத்தைப் பற்றித் தொங்கியது. தாய் கொப்புக்குக் கொப்பு தாவியும் விடவில்லை.

"சாப்பிடும் றெஜினா. பிள்ளைக்காக."

"சுறாவிட்டைப் பால் இருக்கே? பெத்துப்போட்டுட்டுப் போற சாதி அது. நானும் அதுதானே! லெமூர் எண்டு ஒரு மிருகம், அதுகூடப் பிள்ளையை வயித்தோடை ஒட்டி வைச்சிருக்கு. நான் பெட்டிக்குள்ளை விட்டுட்டு இஞ்சை வந்து குந்தியிருக்கிறன்."

சட்டியைத் தட்டிவிட்டாள். ஸ்ரீபன் குந்தியிருந்து மீனைப் பொறுக்கினான்.

"எனக்கு வேறை என்ன செய்யத் தெரியும்?" என்று அழுதான். பிறகு மெல்லச் சொன்னான்: "பிள்ளையை நெஞ்சிலை வைக்கட்டோ எண்டு நேர்ஸ் ரெண்டுதரம் கேட்டவ. நீர்தானே மாட்டன் எண்டனீர்."

ஓம், அவள்தான். தடிமன், பிள்ளைக்கும் தொத்திவிடும் என்று சாட்டுச் சொல்லியிருந்தாள். உண்மையில் பயம். மூக்கில் குழாய், கையில் குழாய். தான் தொட்டால் ஏதாவது கழன்று பிள்ளை செத்துவிடும் என்ற பயம்.

குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினாள்.

நேர்ஸ் குழாய்களோடு பிள்ளையைத் தூக்கி அவள் நெஞ்சில் வைத்தாள். ஒரு கிலோ சீனிப் பையைவிடக் கொஞ்சம்தான் கனம். றெஜினா மூச்சைக்கூடப் பயந்து பயந்து விட்டாள். பால் வரவில்லை. வாசலில் நின்ற ஸ்ரீபன் கண்ணால் கேட்டான். அவள் இல்லையென்று தலையாட்டினாள். பிள்ளை வாயைத் திறந்து தேடியது, பிறகு மூடிக்கொண்டது.

ஒரு மணித்தியாலத்தில் நேர்ஸ் பெட்டியைத் திறந்து கைகளை நீட்டினாள்.

"தரமாட்டன்," என்றாள் றெஜினா, தமிழிலேயே.

நேர்ஸுக்குப் பாஷை விளங்கவில்லை. பெட்டியை மூடிவிட்டு, இருவரையும் போர்த்த ஒரு போர்வை எடுத்துவரப் போனாள்.