பெங்குயின் பெட்டியில் ஒரு போசம்

பெங்குயின் வந்து அடைகாக்கட்டும் என்று லைல் பைபஸ் என்பவன் செய்து வைத்த பெட்டி இரண்டு வருடமாகக் காலியாகவே கிடந்தது. பலகை, மூடி, நுழைவுக் குழாய் எல்லாம் அளவு பிசகவில்லை. பெங்குயின்தான் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கவுன்சிலிலிருந்து கணக்கெடுக்க வருகிறார்கள். இந்தக் கடலோரச் சரிவில் ஒரு பெங்குயினாவது அடைகாத்தால் சரிவு தப்பும். இல்லையென்றால் படகு இறக்குவதற்குக் கான்கிரீட் தளம் போடுவார்கள், லைலின் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே.

பக்கத்து வீட்டு டெல்மா வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். அவள் போசம் கட்சி; வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும், பூனையளவு மரப் பிராணி அது.

"என்னய்யா, உன் பெட்டிக்குக் குடித்தனம் வந்தாச்சா?"

"வரும். உன் போசம் மாதிரியா? பகல் பூரா மரத்துல தூங்கிட்டு, ராத்திரி என் ரோஜாவ மொட்டோட மேயுது. பெங்குயினப் பாரு, விடியறதுக்குள்ள கடலுக்குப் போயி உழைக்குது."

"திரும்பி வந்து கழுதையாட்டம் கத்துதே, அதச் சொல்லு. ஒரே மீன் நாத்தம். றெக்கை இருந்து என்ன, பறக்கத் தெரியுதா? என் போசம் குட்டிய முதுகுல ஏத்திக்கிட்டு கரண்ட் கம்பில நடக்கும்."

"என் கூரையில பூட்ஸ் போட்டுக்கிட்டு நடக்கும்."

"பேசாதய்யா. நீ மரத்துல மாட்டுன என் போசம் பெட்டி மூணு வாரமா புதருக்குள்ள விழுந்து கிடக்கு. ஆணி அடிச்ச லட்சணம்!"

லைல் ரோஜாச் செடிப் பக்கம் குனிந்துகொண்டான். நாலு ஆணி அடிக்க வேண்டிய இடத்தில் அவன் அடித்தது இரண்டு.

வெள்ளிக்கிழமை கவுன்சிலிலிருந்து வந்த பிரயோனி சின்னப் பெண். லைலின் பெட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே போசம் ஒன்று சுருண்டு கிடந்தது. வயிற்றுப் பையிலிருந்து குட்டியின் கால் ஒன்று எட்டிப் பார்த்தது.

"ஆள் இருக்கு. ஆனா பெங்குயின் இல்ல," என்று எழுதிக்கொண்டாள்.

டெல்மா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என் பெட்டி விழுந்துச்சுல்ல, பாவம், வீடு மாறிடுச்சு!"

லைலுக்குக் காது சுட்டது. கான்கிரீட் லாரி இப்போதே வந்து நிற்பதுபோல் இருந்தது.

அப்போது சரிவிலிருந்த புதருக்குள்ளிருந்து உறுமல் கேட்டது. பிரயோனி மண்டியிட்டு, விழுந்து கிடந்த போசம் பெட்டியின் ஓட்டைக்குள் டார்ச் அடித்தாள். பெங்குயின். அடியில் இரண்டு முட்டை. கையுறையை ஒரு கொத்து கொத்தியது.

"சரிவு தப்பிச்சுது," என்றாள் அவள். "பெட்டி யாரோடது?"

லைல் வேலிப் பக்கம் கை காட்டினான். "அவளோடது."

"விழ வெச்சது இவன்," என்றாள் டெல்மா. "அதையும் எழுதிக்கம்மா. முட்டை பொரியற வரைக்கும் அதத் தொடாத லைல். என் போசம் உன் பெட்டியிலயே இருக்கட்டும்."

லைல் தன் பெட்டியின் மூடியைச் சத்தமில்லாமல் சாத்தினான். அங்கிருந்து அவன் ரோஜாச் செடிக்கு ஆறடி கூட இல்லை.