அசரியாவின் சனிக்கிழமைகள்

சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் அறைக்குத் திரும்பியதும் அசரியா கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினான். அறைத்தோழன் லாசரசுக்குத் தெரிந்து கை கழுவுவதில் இத்தனை அக்கறை காட்டியவர் இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய பிலாத்து ஒருவர்தான். அந்த விவகாரம் நல்லபடியாக முடியவில்லை.

இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊர், ஒரே சபை. லாசரசின் அப்பா உபதேசியார். அசரியாவின் அப்பா சபைப் பாடகர் குழுவை மேய்ப்பவர். தாம்பரத்தில் காலேஜ் கிடைத்தது, ஹாஸ்டல் கிடைக்கவில்லை. இரும்புலியூரில் கன்னியம்மா வீட்டின் பின்பக்க அறையில் குடியேறினார்கள். அதற்கு உத்தரவு தந்தவர் பல்லாவரத்தில் டீச்சராக இருந்த லாசரசின் அத்தை ரத்தினபாய். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வந்து சோதனை போடுவார். ஒரு பிசகு தெரிந்தாலும் இருவரும் பெட்டி படுக்கையோடு அவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அத்தை வீட்டில் காலையில் ஜெபம், மாலையில் ஜெபம், நடுவில் கோதுமைக் கஞ்சி. பொழுதுபோக்குக்கு மொட்டை மாடி. அங்கிருந்து திருநீர்மலை தெரியும்.

லாசரசுக்கு இந்த அறை பிடித்துப்போயிருந்தது. இங்கே தூங்கினால் யாரும் எழுப்பவில்லை. விழித்திருந்தால் யாரும் தூங்கச் சொல்லவில்லை. இந்த ராஜ்யம் அசரியாவின் கையால் கவிழ்ந்துவிடும் போலிருந்தது.

கன்னியம்மாவும் கவனித்துவிட்டாள்.

"இன்னா தம்பி, உன் பிரண்டு சனிக்கெழம ஆனா சைக்கிள் எட்துகினு எங்கியோ பூட்றான்?"

"லைப்ரரிக்குக்கா."

"மத்த நாள்ல மூஞ்சி கழுவவே பேஜாரு பண்றான். சனிக்கெழம மட்டும் தலைக்கு ஊத்திகினு போறான். எவன் லைப்ரரிக்குத் தலைக்கு ஊத்திகினு போறான்?"

லாசரஸ் யோசித்தான். சிகரெட் என்றால் சட்டைப்பையில் தீப்பெட்டி இருக்க வேண்டும், தேடிவிட்டான், இல்லை. சினிமா என்றால் வாயில் பாட்டு வரும், வந்தது ஏப்பம்தான். காதல் என்றால் ராத்திரிச் சாப்பாடு இறங்காது. அசரியா சனிக்கிழமை ராத்திரி மெஸ் பக்கமே போவதில்லை. ஆனால் காதலித்தவன் இளைக்க வேண்டும். இவனுக்குப் பேன்ட் பொத்தான் எட்டவில்லை.

"எங்கலே போற?" என்று கேட்டுப் பார்த்தான்.

"சும்மாதாம்லே."

சும்மா போகிறவன் அவ்வளவு வேகமாகப் போகமாட்டான். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை லாசரசும் ஒரு வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே மிதித்தான். அசரியா திருநீர்மலை அடிவாரத்தில் சைக்கிளைப் பூட்டினான். செருப்பைக் கழற்றினான். படியேறினான்.

மேலே பெருமாள் கோயிலில் நல்ல கூட்டம். லாசரஸ் ஒரு பருத்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். அந்த முதுகு வரிசையில் நின்ற முதுகு. அது நகர நகர இவனும் நகர்ந்தான், பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள். சற்று நேரத்தில் சன்னதியில் பட்டர் எதிரே நின்றுகொண்டிருந்தான். பட்டர் உள்ளங்கையில் தீர்த்தம் விட்டார், துளசி வைத்தார். கை அதுபாட்டுக்குக் குவிந்தது. வாய் அதுபாட்டுக்கு "ஆமென்" என்றது.

பட்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன வாரம் ஒரு பிள்ளையாண்டானும் இதையேதான் சொன்னான். சரி, நகருங்கோ."

வெளியே மண்டபத் தூணில் சாய்ந்து, போன வாரத்துப் பிள்ளையாண்டான் தொன்னையில் புளியோதரை தின்றுகொண்டிருந்தான். லாசரசைக் கண்டதும் அவன் திடுக்கிட்டது வேறொரு காரணத்துக்காக.

"ஏலே, குளிக்காமலா கோயிலுக்கு வந்த?"

"விக்கிரகத்துக்குப் படைச்சதத் திங்கிறியேலே. ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"மெஸ் சாம்பார் யாருக்கும் படைக்காததுதான். அதத் தின்னுட்டு நீதான வயித்தப் புடிச்சிக்கிட்டுக் கெடக்க."

லாசரஸ் சாட்சிக்காக ஒரு வாய் எடுத்துப் பார்த்தான். சாட்சி பலமாக இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு தொன்னை வாங்கிவந்தான்.

அன்று இரவு இருவரும் கை கழுவினார்கள்.

மறுநாள் அத்தை மீன் குழம்போடு வந்தார். அவர்கள் அடுக்குப் பாத்திரத்தைக் காலி செய்துகொண்டிருந்தபோது கொடியில் கிடந்த சட்டைகளைத் தடவினார். லாசரசின் பையிலிருந்து வாடிய துளசி வந்தது.

"என்னது இது?"

"இருமலுக்கு, டீச்சர்," என்றான் அசரியா.

"யாருக்கு இருமல்?"

இருவரும் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

அத்தை துளசியை முகர்ந்தார். லாசரசின் கையை இழுத்து, மீன் வாசனையைத் தாண்டி எதையோ தேடினார். லாசரஸ் மனத்துக்குள் பெட்டி கட்டத் தொடங்கினான்.

"மலைக்கா?"

"ஆமா, அத்தை."

"புளியோதரையா, பொங்கலா?"

"புளியோதரை."

"பொங்கல் எப்பவும் முதல்லயே தீந்துரும்," என்றார் அத்தை.

லாசரஸ் பெட்டி கட்டுவதை நிறுத்தினான். பொங்கல் எப்பவும் முதலில் தீரும் என்பது, எப்பவும் வரிசையில் நின்றவர்களுக்கு மட்டுமே தெரிகிற விஷயம். அத்தையைப் பார்த்தான். அசரியாவும் பார்த்தான். அத்தை கொடியைப் பார்த்தார்.

பிறகு குடையை எடுத்துக்கொண்டார். பாத்திரத்தை எடுக்கவில்லை.

"அத்தை, பாத்திரம்?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்கிக்கிறேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கிற வழக்கம் நம்ம குடும்பத்துல கெடையாது." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார். "சனிக்கிழமை நேரத்தோட போங்கலே."