விழப்போகிற பல்

என் கணவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நாலாவது காலைத் தொட்டுக் காட்டினாலும் "அது வாலு" என்பார். போன வாரம் அவர் பிடித்த முயல், எங்கள் மகளின் கடைவாய்ப் பல்.

மகளுக்கு ஆறு வயது. வீட்டில் அவள் பட்டாணி. கீழ்க் கடைவாயில் ஒரு பல் சொத்தையாகி, சாப்பிட உட்கார்ந்தாலே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். வலிக்கு மருந்து வாங்கி வாங்கியே நாளைக் கடத்திவிட்டு, கடைசியில் கன்னம் வீங்கிய குழந்தையோடு ஓடி வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் உடனே பல் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன்.

"பால் பல்லுதானே? விழப்போற பல்லுக்கு எதுக்கு வைத்தியம்? பிடுங்கிப் போட்டா ஒரே நிமிஷம்" என்றார் என் கணவர்.

பட்டாணி அழுகையை நிறுத்திவிட்டுக் குதித்தாள். அவள் வகுப்பில் பாதிப் பேருக்கு முன்பல் விழுந்துவிட்டது. அந்தச் சந்து வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சுவதில் போட்டியே நடக்கிறதாம். இவளுக்கு ஒரு பல்கூட ஆடவில்லை. மானப் பிரச்சினை. கடைவாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் என்ன காது வழியாகவா வரும் என்று கேட்டேன். என் பேச்சை இந்த வீட்டில் யார் கேட்கிறார்கள்?

"அப்பா, நாளைக்கே பிடுங்கிடலாமா?"

"நாளைக்கே. அப்பா சொன்னா சொன்னதுதான்."

தாயைப் போல பிள்ளை என்று சொன்ன புண்ணியவான் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். அவசரமே படவில்லை. காற்றடிக்கும் குழாயை முதலில் பட்டாணியின் நகத்தில் அடித்துக் காட்டினார். கூச்சத்தில் அவள் சிரித்தாள். சின்னக் கண்ணாடியை அவள் கையிலேயே கொடுத்து வாயைப் பார்க்கச் சொன்னார். பல்லைப் படம் எடுத்துத் திரையில் போட்டார்.

"இந்தப் பல்லு பத்து, பதினோரு வயசு வரைக்கும் இருக்கணும். அடியில பாருங்க, புதுப் பல்லு இப்பதான் உருவாகிட்டிருக்கு. மேல இருக்கிறதை இப்பவே பிடுங்கிட்டா, பக்கத்துப் பல்லு சாஞ்சு வந்து இடத்தை அடைச்சுக்கும். சொத்தையைச் சுரண்டி, உள்ள மருந்து வச்சு, மேல ஸ்டீல்ல ஒரு தொப்பி மாட்டினா காப்பாத்திடலாம். தள்ளிப்போட்டா அப்புறம் பிடுங்கத்தான் வேண்டிவரும்."

"எப்படியும் விழப்போறதுதானே டாக்டர்?" என்றார் என் கணவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க அடிக்கிற பலகையும் எப்படியும் பிரிக்கப்போறதுதானே? தளம் போட்ட மறுநாளே பிரிச்சுடுங்களேன், பாப்போம்!"

அவர் சென்ட்ரிங் மேஸ்திரி. கட்டடத்தில் பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, மேலே ஊற்றிய கான்கிரீட் இறுகும்வரை தாங்க வைப்பதுதான் அவர் தொழில். சீக்கிரம் பிரிக்கச் சொல்லும் வீட்டுக்காரர்களோடு மல்லுக்கு நிற்பவர்.

பதில் சொல்ல வாயெடுத்தவர், அப்படியே திரையைப் பார்த்தார். எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொள்வதுபோல், "கீழ இன்னும் இறுகவே இல்லியே" என்றார். "டாக்டர், பிரிக்காதீங்க."

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி. இவ்வளவு நேரம் ஆவென்று திறந்திருந்த பட்டாணியின் வாய் பூட்டிக்கொண்டது.

"அப்பா பிடுங்கலாம்னு சொன்னாரு" என்றாள், பல்லைக் கடித்தபடியே.

கெஞ்சினேன். மிரட்டினேன். கல்லில் நார் உரிக்கலாம், இவளை மசிய வைக்க முடியாது. கையைப் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் வேலையைப் பாருங்கள் என்று டாக்டரிடம் சொல்லியும் பார்த்தேன்.

"அமுக்கிப் பிடிச்செல்லாம் பண்ண மாட்டேன்மா. இன்னைக்குப் பயந்துட்டா, அப்புறம் பல் டாக்டர்னாலே ஓடிடுவா. அவளாத் தெறந்தாத்தான் உண்டு."

போச்சு, பல் போயே போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது.

அப்போது என் கணவர் நாற்காலி ஓரமாகக் குந்தி உட்கார்ந்தார்.

"பட்டாணி, அப்பா தப்பாச் சொல்லிட்டேன்டா."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பல்லைப் பத்தி அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

"தெரியாதா?"

"தெரியாது. அம்மா சொன்னதுதான் சரி."

அம்மா சொன்னதுதான் சரி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை நான் காதால் கேட்டதில்லை. இனி கேட்பேன் என்ற நம்பிக்கையும் விட்டுப்போயிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அந்த மனுஷன் மேல் எனக்கு அப்படியொரு ஆசை வந்தது.

பட்டாணி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பொய் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, மெல்ல வாயைத் திறந்தாள்.

டாக்டர் விளக்கை இழுத்து வைத்தார். மரத்துப்போகும் மருந்தைப் பஞ்சில் தொட்டுக்கொண்டவர், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க வாயை மூடிக்கலாம்மா. பாப்பா தெறந்தாப் போதும்."