விலங்கைக் கழற்றுங்கோ

மீனம்மாவை ஆஸ்பத்திரி விடுதிக்குக் கொண்டுவந்தபோது அவளுடைய வலது கையில் விலங்கு இருந்தது. மறுபக்கத்தைக் கட்டில் கம்பியில் பூட்டிவிட்டு, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள் சிறைக் காவலாளி விமலேஸ்வரி.

"இதைக் கழற்றுங்கோ," என்றாள் தாதி ஜெயரூபி.

"ஏலாது மிஸி. மண்வெட்டியாலை ஆளைக் கொத்தினவ. கழற்றக் கூடாதெண்டு மேலிடத்து ஓடர்."

"உங்கடை மேலிடம் சிறையிலை. இது ஆஸ்பத்திரி."

விமலேஸ்வரி இடுப்பிலிருந்த திறப்பைக் கையால் பொத்திக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளை. ஜெயரூபி ஒரு கதிரையை இழுத்துப்போட்டுக் கட்டிலுக்கும் காவலாளிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். "அப்ப இரண்டு பேருக்கும் நான் காவல் இருக்கிறன்," என்றாள்.

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, வவுனியா. மீனம்மாவின் குடும்பம் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னியில் தர்மபுரத்துக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியது. பிறகு சண்டை அங்கும் நெருங்க, அவளும் கணவன் கணபதியும் மூன்று வயது மகனைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்கு நடந்தார்கள். மாங்குளத்துக்குக் கிட்டப் பிள்ளை காய்ச்சலில் செத்துப்போனான். ரோட்டோரத்தில் ஒரு பாலை மரத்தின் கீழ் புதைத்துவிட்டு, அன்றைக்கே மறுபடி நடந்தார்கள். நிற்க வழியில்லை.

வவுனியாவில் கனகலிங்கத்தின் வயலில் இருவருக்கும் கூலி வேலை கிடைத்தது. ஒரு நாள் காலை மீனம்மா வரம்பைத் தோண்டத் தொடங்கினாள். மகன் உள்ளேயிருந்து கூப்பிடுகிறான் என்றாள். ஓடிவந்த கனகலிங்கம் மண்வெட்டியைப் பறிக்கப் பார்த்தார். அது அவருடைய தோளில் இறங்கியது. எலும்பு முறிந்தது. பொலிஸ், நீதிமன்றம், விளக்கமறியல் என்று போய், சோறு தண்ணி இல்லாமல் அவள் விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

விடுதி முழுக்க மலேரியாக் காய்ச்சல்காரர். மூலையில் நாலு கட்டில் மனநோயாளருக்கு. மனநல வைத்தியர் மாதத்தில் ஒரு தரம் வெளியூரிலிருந்து வருவார், இராணுவம் பாதை விட்டால். மற்ற நாட்களில் அந்த மூலை ஜெயரூபியுடையது. யாரும் கேட்டு வாங்காத வேலை அது. அவள் கேட்டு வாங்கியிருந்தாள்.

மேற்படிப்புக்கு மூன்று தரம் விண்ணப்பித்து, இந்த முறைதான் அவளைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். நீதிமன்றமும் சிறையும் அனுப்பும் மனநோயாளரைப் பராமரிக்கத் தாதிமாருக்குக் கொழும்பில் ஒரு வருடப் பயிற்சி. வடக்குக்கு ஒரே ஒரு இடம். வருகிற திங்கட்கிழமை அங்கே நிற்கவேண்டும். வவுனியாவை விட்டு வெளியேற இராணுவம் கொடுக்கும் பாஸும் கைக்கு வந்துவிட்டது.

மீனம்மா சத்தம் போடவில்லை. சோற்றில் பாதியைச் சாப்பிட்டாள், மீதியை உருட்டிக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். விலங்கு விட்ட அளவுக்கு குனிந்து நிலத்தில் காதை வைக்கப் பார்த்தாள். அப்படி இழுத்து இழுத்து மணிக்கட்டு வீங்கிப் புண்ணாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை சிறையிலிருந்து ஆள் வந்து நின்றது. கைதி சுகமாக இருக்கிறாள், வழக்குக்கு நிற்கலாம் என்று டொக்டர் எழுதித் தரவேண்டுமாம். டொக்டர் யோகலிங்கம் மூன்று இரவு நித்திரை இல்லாத கண்ணோடு மீனம்மாவைப் பார்த்தார்.

"அமைதியாத்தானே இருக்கிறா," என்றார்.

"அமைதியா இருக்கேல்லை டொக்டர். கேட்டுக்கொண்டிருக்கிறா."

அவர் பேனையை மூடினார். "எனக்கும் தெரியும், ஜெயரூபி. ஆனா எங்கை வைக்கிறது? நிலத்திலைகூட ஆக்கள் படுத்திருக்கினம். சிறைக்காரரோடை மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை."

"என்னட்டை நேரமிருக்கு. கட்டில் இல்லாட்டி துணி வைக்கிற அறையை ஒதுக்கித் தாங்கோ. விலங்கைக் கழற்றச் சொல்லுங்கோ. பாருங்கோ அந்தக் கையை."

டொக்டர் புண்ணைப் பார்த்தார். மூடிய பேனையை மறுபடி திறந்தார்.

"ஆள் சுகமில்லை, விலங்கைக் கழற்றவேணுமெண்டு எழுதுறன்," என்றார் கடைசியில். "ஆனா திங்கட்கிழமை வழக்கு. நீதவான் ஆளைக் கூப்பிட்டுக் கேப்பார். இந்த விடுதியை விட்டிட்டு நான் போகேலாது. பக்கத்திலை இருந்து பாத்தது நீர்தான். நீர் போவீரோ?"

திங்கட்கிழமை என்ன நாள் என்பது இருவருக்கும் தெரியும்.

"போறன்," என்றாள்.

டொக்டரின் கடிதத்தை விமலேஸ்வரி இரண்டு தரம் வாசித்தாள். "என்னை வேலையாலை நிப்பாட்டினா?"

"நிப்பாட்டினா அங்கையும் வந்து கதைப்பன், தங்கச்சி. இப்ப கழற்றும்."

திறப்பு திரும்பியது. மீனம்மா கையை மடியில் வைத்துத் தடவினாள். யாரையும் அடிக்கவில்லை. இறங்கிப்போய்க் கட்டிலுக்குக் கீழே, தான் வைத்த சோற்றுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

நீதிமன்றத்தில் கனகலிங்கம் தோளில் கட்டுடன் வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. "எனக்கும் பிள்ளையள் இருக்கு, ஐயா. நாளைக்கு அதுகளுக்கு வெட்டு விழுந்தா?" என்றார். அந்தப் பயம் உண்மையானது. ஆனால் அவருடைய சட்டத்தரணி எழும்பி, எல்லாம் நடிப்பு என்றார்.

"நீர் மனநோய் வைத்தியரோ?" என்று ஜெயரூபியைக் கேட்டார்.

"இல்லை."

"பிறகு என்ன தகுதியிலை கதைக்கிறீர்?"

"நோய்க்குப் பேர் சொல்ல நான் வரேல்லை. பக்கத்திலை இருந்து கண்டதைச் சொல்ல வந்தனான். செத்த பிள்ளைக்கு ஒவ்வொரு நேரமும் சோறு எடுத்து வைக்கிறா. யாரும் பாக்காத நேரத்திலையும் வைக்கிறா. நடிக்கிறவைக்குப் பாக்க ஆக்கள் வேணும்."

நீதவான் நிமிர்ந்தார். "இவவாலை இனி ஒருத்தருக்கும் ஆபத்து வராதெண்டு சொல்லுவீரா?"

"சொல்லமாட்டன் ஐயா. வரலாம். அதுக்குத்தான் மருந்தும் ஆளும் வேணும். சிறையிலை விலங்கோடை இருந்தா நோய் கூடும், ஒருநாள் வெளியிலை விடுவியள், அப்ப ஆபத்து இன்னும் பெரிசா வரும்."

மனநல வைத்தியர் பார்த்து அறிக்கை தரும்வரை மீனம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கவும், விலங்கு போடாமல் காவல் வைக்கவும் நீதவான் கட்டளையிட்டார். வெளியே வேப்பமரத்தடியில் கணபதி கைகட்டி நின்றான்.

"ஒங்க படிப்பு போச்சேம்மா எங்களால," என்றான்.

"படிப்பு போகேல்லை, அண்ணை. நான்தான் இன்னும் போகேல்லை."

பழைய பாஸின் நாள் முடிந்துவிட்டதால், புதிய பாஸ் எடுக்க அந்தக் கிழமை முழுதும் வரிசையில் நின்றாள். கொழும்பில் பயிற்சி நிலையத்து எழுதுநர் தலையை நிமிர்த்தாமலே, அவளுடைய பெயரை வெட்டியாகிவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். ஜெயரூபி பையைத் தூக்கிக்கொண்டு நேரே வகுப்புக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

"நீங்கள் யார்?" என்று விரிவுரையாளர் அம்மா ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஜெயரூபி, வவுனியா. பேர் இல்லையாம். கதிரை ஒண்டு மிச்சம் இருக்கு."

சிலர் சிரித்தார்கள். ஏன் பிந்தியது என்று அந்த அம்மா கேட்டார். ஜெயரூபி தனக்கு வந்த அரைகுறை ஆங்கிலத்தில் மீனம்மாவின் கதையைச் சொன்னாள். சிரிப்பு நின்றது. ஆனாலும் அன்றைக்கு அவளைச் சேர்க்கவில்லை. அடுத்த நாளும் சேர்க்கவில்லை. வெளியே போகச் சொன்னால் நடையில் நின்றாள், கதவு திறந்தால் உள்ளே வந்தாள். அந்த விரிவுரையாளர்தான் மேலே போய்க் கதைத்து, மூன்றாம் கிழமை பெயரை மறுபடி எழுதுவித்தார்.

மனநல வைத்தியர் வந்து கொடுத்த மருந்து மீனம்மாவுக்கு வேலைசெய்தது. கணவனின் பொறுப்பில், மாதாமாதம் ஊசி போடவேண்டும் என்ற நிபந்தனையோடு நீதிமன்றம் அவளை விட்டது. கனகலிங்கம் திரும்ப வேலை கொடுக்கவில்லை. வேறு வயல்காரர் ஒருவர் கொடுத்தார். ஜெயரூபி படிப்பு முடித்து வந்ததும் அவளைத் தேடிப் போனாள்.

"இப்பவும் கேக்குதோ, மீனம்மா?"

"எப்பவாச்சும் கேக்கும், மிஸியம்மா. கூப்புட்டாக் கூப்புடட்டும். நான் தோண்டமாட்டேன்."

ஜெயரூபியின் படிப்புக்கேற்ற விடுதி இங்கே இல்லை, சத்திரசிகிச்சை விடுதிக்குப் போ என்றது நிர்வாகம். போனாள். வேலை முடிந்த பிறகு, நீதிமன்றம் அனுப்பிய நோயாளர் எங்கெங்கே கிடந்தார்களோ அங்கங்கே போய் நின்றாள். அவர்களுக்கென்று ஒரு விடுதி கேட்டு ஒவ்வொரு கிழமையும் நிர்வாகியின் கதவைத் தட்டினாள். அவர் அலுத்துப்போய்ப் பின்பக்கம் பழைய களஞ்சிய அறை ஒன்றைக் கொடுத்தார். அதற்கு யன்னல் இல்லை.

அடுத்த நாள் ஒரு மேசனைக் கூட்டிவந்து சுவரைக் காட்டினாள்.

"அனுமதி எடுத்தாச்சோ, மிஸி?" என்றார் அவர்.

"நீங்கள் உடையுங்கோ. அதை நான் பாக்கிறன்."