ஆறும் உயிரோடு

"இன்னிக்கு நாரின் எதையும் தொடக் கூடாது" என்றார் பேராசிரியர் பிரசெர்ட். "பாத்திரமெல்லாம் பிம்மே கழுவட்டும். மூளைத் துண்டுகள் பிழைச்சுட்டா, இத்தனை நாளா குற்றவாளி யாருன்னு தெரிஞ்சிடும். சாயங்காலமே அவன் கிளம்பலாம்."

சுண்டெலி மூளையை மெல்லிய துண்டுகளாகச் சீவி, ஆக்சிஜன் குமிழியிடும் உப்புக் கரைசலில் மிதக்கவிட்டால் ஆறு மணி நேரமாவது உயிர் தங்க வேண்டும். மூன்று வாரமாக ஒரு மணி நேரம்கூடத் தங்கவில்லை. நுண்ணோக்கியில் பிம் பார்த்ததெல்லாம் ஊறிய ஜவ்வரிசியாய் உப்பிப்போன செல்கள். பாத்திரம் கழுவும் பையன் நாரினைக் கைகாட்டியவளும் அவளே. அந்த இனத்தில் மிச்சம் ஒரே எலி. அதுவும் வீணானால் அவளுடைய நாலு வருட ஆராய்ச்சி அம்போ.

கூண்டின் முன் நாரின் கைகூப்பினான்.

"கும்பிட்டா உன் வேலை நிலைக்குமா?"

"எனக்கில்லக்கா. அதுக்கு."

அவசரத்தில் பிம்மின் தூரிகை தரையில் விழுந்து மேசைக்கடியில் உருண்டது. துண்டுகளைத் தூக்க அவள் வேறெதையும் தொடமாட்டாள். அதைக் கழுவக்கூட யாரிடமும் தரமாட்டாள். வாசலிலிருந்தே நாரின் ஒரு தூரிகைப் பாக்கெட்டை வீசினான்.

"புதுசுக்கா. பிரிக்கவே இல்ல. நான் தொடலைங்கறதுக்கு நீங்களே சாட்சி!"

அதிரும் பிளேடு சீவியது. ஆறு துண்டுகள். ஒரு மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் குனிந்தவள் பேராசிரியரைக் கூப்பிட்டுக் கத்தியே விட்டாள்.

"ஆஜான்! ஆறும் உயிரோட இருக்கு!"

பிரசெர்ட் நாரினைப் பார்க்கக்கூட இல்லை. "கணக்கை முடிச்சுக்கோ" என்றார்.

பிம் குனிந்து பழைய தூரிகையை எடுத்தாள். அதன் மயிர் விறைத்திருந்தது. முகர்ந்தாள். ஃபார்மலின்!

வேலை முடிந்த துண்டுகளை ஃபார்மலினில் போட்டுவைக்கத் தொடங்கி மூன்று வாரம். மாலையில் இதே தூரிகை. மறுநாள் காலை, உயிருள்ள துண்டுகளுக்கும் இதே தூரிகை. ஒரு துளி போதும், கொல்ல.

நாரின் பையோடு வாசலில் நின்றான். "ஆறுமா? எலி புண்ணியம் செஞ்சிருக்கு. அக்கா, நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லுங்க. அடுத்த இடத்துல ஜாக்கிரதையா இருப்பேன்."

தூரிகை அவள் முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"சோப்பு... சரியா அலசலை போல."

அவன் யோசித்தான். தலையாட்டினான்.

"இனிமே மூணு தடவை அலசறேன்க்கா."

லிஃப்ட் கதவு மூடியது. பழைய பிளேடுகள் போடும் டப்பாவுக்குள் தூரிகையைத் திணித்தாள் பிம். கரைசலில் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன.