பிச்சைச் சம்பளத்தில் ஒரு வேலி

1

இந்தக் கதையை நான் கண்டுபிடிக்கவில்லை. உரும்பிராய்ச் சந்திச் சலூனில், பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு இருந்தபோது, பக்கத்துக் கதிரைக்காரர் போட்ட சத்தத்தில் தானாக வந்து காதில் விழுந்தது.

"பிச்சைச் சம்பளம் எடுக்கிறவள் வேலி அடைச்சிருக்கிறாள். புதுக் கிடுகு. ஆளுயரத்துக்கு மேலை. உள்ளை ஒண்டும் தெரியேல்லை."

சொன்னவர் சிவசுப்பிரமணியம், மலாயாவில் அரசாங்க வேலை பார்த்து அந்தப் பென்சனில் வாழும் மலாயன் பென்சனியர். சலூனில் இருந்த நாலைந்து பேரும் ஊரில் கொலை விழுந்தது போல நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். என் கை பேனையைத் தேடியது. தொடர்கதைக்காரன் புத்தி வேறு எங்கே போகும்? 'உள்ளே ஒன்றும் தெரியவில்லை' என்ற ஒரு வசனத்துக்கே வாரப்பத்திரிகைக்காரன் காசு தருவான்.

(பிச்சைச் சம்பளம் என்றால், உழைக்க ஏலாதவர்களின் கையில் அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிற உதவிக்காசு. கந்தோர்க் கடதாசியில் அதற்கு மரியாதையான பெயர் ஒன்று இருக்கிறது. ஊர் அந்தக் கடதாசியை வாசிப்பதில்லை.)

2

முதல் தொடக்கம்:

'நள்ளிரவு. கிடுகுவேலிக்குப் பின்னால் ஓர் உருவம் மெல்ல—'

அடித்துவிட்டேன். உருவம் யாருடையது என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாவது:

'கையில் காசு புரண்ட அன்றே கனகாம்பிகையின் குணம் மாறத் தொ—'

இதையும் அடித்தேன். கதைகளில் ஏழைக்குக் காசு வந்தால் இரண்டில் ஒன்று நடக்கவேண்டும். ஒன்றில் குடித்து அழியவேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை டொக்டராகவேண்டும். இவள் வேலி அடைத்தாள். வேலியை வைத்து எத்தனை வாரம் ஓட்டுவது?

பத்திரிகை ஆசிரியருக்கும் அதே கவலை. 'வேலி நல்லாய் இருக்கு. உள்ளுக்கு ஒரு பிணம் வையும்' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினார். கிணற்றடியில் ஒரு குமர்ப்பெண் குளிப்பதாகக் காட்சி வைத்தால் படம் போடுகிறவருக்கும் வேலை கிடைக்குமாம்.

மனிசன் கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல், உண்மைக்குப் பக்கத்தில் போய் விழுந்துவிட்டது.

3

பிணம் இல்லை. உள்ளே இருப்பவர்கள் மூன்று பேர். கனகாம்பிகை. அவள் புருசன் ஏரம்பு, கிணறு வெட்டப் போன இடத்தில் கல்லுக்கு வைத்த வெடி முந்திக்கொண்டதால் இரண்டு கண்ணும் போனவன். மகள் மகாதேவி, கலியாண வயதுக் குமர்.

கண் போனதோடு வேலியும் போனது. கிடுகு பின்னின தென்னோலைதானே, காலத்துக்குக் காலம் மாற்றவேண்டிய சாமான். மாற்றக் காசில்லை. உக்கி விழ, வேலிக்கு நட்ட வெறுங் கதியால் தடிகள் மிஞ்சின. கிணறோ றோட்டுப் பக்கம். ஆகவே தாயும் மகளும் விடியமுந்தி இருட்டில், நெஞ்சுக்கு மேல் சேலையைக் கட்டிய குறுக்குக்கட்டோடு, வாளி சத்தம் போடாமல் குளித்தார்கள். மார்கழிப் பனியில் அப்படிக் குளித்து மகாதேவி தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் நெஞ்சுச்சளியோடு கிடந்துமிருக்கிறாள்.

பிறகு உதவிக்காசு வந்தது, முன் மாதங்களின் நிலுவையையும் கட்டிக்கொண்டு. ஊர் எதிர்பார்த்தது அரிசி மூட்டை. கனகாம்பிகை வாங்கியது கிடுகு, கொடிகாமத்திலிருந்து வண்டில் நிறைய.

வேலி எழும்பிய பிறகு நடந்த அட்டூழியங்கள் இவை. மகாதேவி மத்தியான வெயிலில் குளித்தாள். கடைக்காரப் பஞ்சலிங்கம், முந்திக் கடைசி ஆளாக நிற்பாட்டி வைத்த கனகாம்பிகையை "என்ன பிள்ளை வேணும்?" என்று கேட்கத் தொடங்கினார். கனகாம்பிகை பென்சனியர் வீட்டில் குறுணல் அரிசிக் கூலிக்கு மா இடிப்பதை நிற்பாட்டினாள். இனி இடிப்பதென்றால் காசாகத் தரவேண்டும் என்று சொல்லியும் விட்டாள்.

துப்பறியும் வாசகரே, குற்றத்துக்கு நோக்கம் தேடினீர்கள் அல்லவா? உரலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.*

* பென்சனியருக்கும் மாதம் பிறந்தால் ஓர் அரசாங்கத்தின் காசு வருகிறது. அந்த மாதத்தில் அவரும் அதற்காக விரலை அசைக்கவில்லை. ஆனால் அதற்குப் பெயர் பென்சன். அவர் முந்தி உழைத்தவர் என்பீர்கள். கண் போகும்வரை ஏரம்பு ஊஞ்சலா ஆடினான்? இந்த ஊரில் பாதிப் பேர் தண்ணீர் குடிக்கிற கிணறுகள் அவன் வெட்டியவை.

4

ஏரம்புவைக் கதையிலிருந்து தூக்கிவிடத்தான் நினைத்தேன். தொடர்கதையில் கண் தெரியாதவன் ஒன்றில் கொலையைக் காதால் கேட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் கண் தெரியாதவன் போல நடிக்கவேண்டும். இவன் விறாந்தையில் இருந்து கயிறு திரிக்கிறான். இவனுக்கு வேலி நின்றாலென்ன, விழுந்தாலென்ன?

வேலிவாசல் படலைக்கு வெளியே நின்று இதைக் கொஞ்சம் நாகரிகமாக அவனிடமே கேட்டேன்.

"முந்தி எங்கடை கிணத்தடிக்குக் கிட்ட வரேக்கை சைக்கிளெல்லாம் மெல்லப் போகும், தம்பி," என்றான். "இப்ப நேர ஓடுது."

கயிற்றை முறுக்கினான். பிறகு சொன்னான்:

"பென்சனியற்றை சைக்கிளுக்குச் செயின்கவர் ஆட்டம். அவர் மெல்லப் போறேல்லை. இறங்கி உருட்டிக்கொண்டு போறவர்."

ஏரம்பு கதையில் இருக்கட்டும்.

5

கந்தோருக்குப் பெட்டிசம் போனது, பெயர் போடாத முறைப்பாடாக. போகாமல் இருக்குமா? எங்கள் ஆட்கள் தபால் முத்திரை வாங்குவதே அதற்குத்தான். அதன் சாரம்: உதவிக்காசு எடுப்பவர் புதுவேலி அடைத்து வசதியாக வாழ்கிறார். வேலிக்குள் என்ன நடக்கிறதென்று பொதுமக்களுக்குத் தெரியவில்லை. இப்படிக்கு, பொதுமக்கள்.

அந்தப் பொதுமக்களின் சைக்கிளுக்குச் செயின்கவர் ஆடும்.

விசாரிக்க வந்தவர் தில்லைநாதன் என்ற உத்தியோகத்தர். கூடாத ஆள் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல், வில்லனாக்க வழியில்லை. ஒரு மத்தியானம் சைக்கிளில் வந்தார். வழி காட்டவென்று பென்சனியரும் வந்தார், வேறு வேலை இல்லாதபடியால்.

தில்லைநாதன் படலையடியில் நின்று குரலைத் தணித்து ஒரு யோசனை சொன்னார். றோட்டுப் பக்கத்துக் கிடுகை மட்டும் கழற்றிவிட்டால், வேலி இல்லை என்று தான் எழுதிவிடுவாராம், காசும் நில்லாதாம். வருசா வருசம் பார்க்க வருவார்கள், அந்தந்த நேரம் கழற்றினால் போதுமாம். இல்லாவிட்டால் உள்ளே போய் எல்லாவற்றையும் பார்த்து, உள்ளபடி எழுதவேண்டும். எழுதினால் காசு வெட்டுப்படும்.

நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். கேட்டுக்கொள்ளுங்கள்: அரசாங்கத்துக்கு ஏழையைத் தெரியவேண்டும். தெரிவதற்குக் கிணற்றடி தெரியவேண்டும்.

"உள்ளை வந்து ஒருக்காப் பாத்தால் முடிஞ்சுது," என்று பென்சனியர் படலையில் கையை வைத்தார்.

கனகாம்பிகை படலைக் கொழுக்கியிலிருந்து கையை எடுக்கவில்லை. உள்ளே கிணற்றுத் துலா கிரீச்சிட்டது. கல்லில் தண்ணீர் விழுந்தது.

"மகள் குளிக்கிறாள், ஐயா. வந்து பாக்கப்போறியளோ?"

படலையிலிருந்து பென்சனியரின் கை போய்விட்டது. தில்லைநாதன் தன் செருப்பைப் பார்த்தார்.

"அப்ப நான் நாளைக்கு வாறன்."

"வாங்கோ. நாளைக்கும் குளிப்பாள்."

(சைக்கிள் சத்தத்தை ஏரம்பு முதலில் பிடித்தான், உடனே கனகாம்பிகை மகளைக் கிணற்றடிக்கு விரட்டினாள், இப்படித்தான் முதலில் எழுதியிருந்தேன். நீங்கள் கைதட்டுவீர்கள் என்று தெரிந்ததும் அடித்துவிட்டேன். தந்திரம் ஒன்றுமில்லை. அது அவள் குளிக்கிற நேரம்.)

6

முடிவுகள்.

அ. தில்லைநாதன் கண்கலங்கி, பெட்டிசத்தைக் கிழித்தெறிந்து— இல்லை. கந்தோர்க் கடதாசியைக் கிழிக்கிற உத்தியோகத்தரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆ. கனகாம்பிகை கிடுகைக் கழற்றுகிறாள். காசு வருகிறது. பென்சனியர் சைக்கிளை விட்டு இறங்குகிறார்.

இ. அவள் கழற்றவில்லை. காசு நிற்கிறது. கொஞ்சக் காலம் வேலி மட்டும் நிற்கிறது. பிறகு கிடுகு உக்குகிறது, அவள் பழையபடி உரலடிக்குப் போகிறாள்.

ஈ. ஆசிரியர் கேட்ட பிணம். ஆளைத் தெரிவு செய்து வைத்துவிட்டேன், நீங்களும் ஊகித்திருப்பீர்கள். ஆனால் அவர் செத்தால் எட்டாம் நாள் ஊர்கூடிப் பலகாரம் படைத்து எட்டுச் செலவு செய்யும். பலகாரத்துக்கு யார் மா இடிப்பது? இவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே அவர் நூறு வயது இருக்கட்டும்.

7

நாளைக்கும் குளிப்பாள் என்றபடியால் தில்லைநாதன் இனி நாளைக்கும் வரப்போவதில்லை. சைக்கிள் சீற்றின் மேல் கடதாசியை விரித்துவிட்டார். 'வீட்டின் நிலைமை' என்பதற்கு நேரே இடம் வெறுமையாகக் கிடக்கிறது. உள்ளதை எழுதினால் அடுத்த மாதம் அந்த வீட்டில் காசில்லை. கிடுகு கழன்றால் அந்தப் பெண்ணுக்கு வெயிலில் குளிப்பு இல்லை. காசு, வேலி இரண்டையும் கனகாம்பிகைக்கே விட்டுவிடலாம் என்று அவர் எழுதலாம், கை போகவில்லை. எனக்கும் போகவில்லை, நான் வாரக்கூலிக்கு எழுதுகிறவன், ஆசிரியருக்குப் பயந்தவன்.

பேனையை நீங்கள் பிடியுங்கள்.

பிடிக்கமுதல் எங்கே நிற்கிறீர்கள் என்று ஒருக்காப் பாருங்கள். றோட்டில், பென்சனியருக்குப் பக்கத்தில். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியத்தானே இவ்வளவு தூரம் என்னோடு வந்தீர்கள்? அவரும் அதற்குத்தான் வந்தவர். அவர் உங்களுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறார், உங்களைத் தன்னுடைய ஆள் என்று நினைத்து.

கண்ணால் காணாததை எப்படி எழுதுவது என்கிறீர்களா? காணாமல் எழுதுவதுதான் வேலை. உதவி கேட்டவளுக்குத் தேவை இருக்கிறது என்று நம்பி எழுதவேண்டும். இந்த ஊரில் இதுவரை ஒருவரும் செய்து பார்க்கவில்லை.

அவசரமில்லை, ஆறுதலாக யோசித்து எழுதுங்கள். மகாதேவி தலைமயிரை வெயிலில் விரித்துக் காயவிட்டிருக்கிறாள். அது காயும்வரைக்கும் படலை திறக்காது.