யகோமினா நட்ட கம்பம்

சாசி திறக்கிற அன்று, ஊர் எழுந்து கண்ணைக் கசக்குவதற்குள் யகோமினா கரைக்குப் போய்விட்டாள். சாசி என்றால் கடலைப் பூட்டி வைக்கிற ஊர்க்கட்டு; மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்த விரிகுடா. எல்லையில் தொங்கும் குருத்தோலையை அவிழ்த்து, ஒன்பது மணிக்கு அவள் சங்கு ஊதினால்தான் ஊரே கூடையோடு கடலில் இறங்கலாம். அதுவரை ஒரு லோலாச் சிப்பியை யாரும் தொடக் கூடாது, ராஜாவே ஆனாலும் சரி. எங்கள் ஊரில் ராஜா என்றால் கிராமத் தலைவர். கிரீடம் கிடையாது, வெயிலுக்குத் தலையில் ஒரு துண்டு, அவ்வளவுதான். கடல் விஷயத்தில் அவரும் காவல்காரி சொல்வதைத்தான் கேட்க வேண்டும். காவல்காரி யகோமினா.

வருஷத்திலேயே கடல் அதிகம் வற்றுகிற நாளாகப் பார்த்துத்தான் சாசி திறப்பார்கள். அன்றைக்கு இதுவரை யாரும் பார்க்காத அளவுக்கு வற்றியிருந்தது. அவள் நட்ட எல்லைக் கம்பத்துக்கு மேற்கே, நாற்பது அடி தள்ளி, ஈர மணலில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. கிட்டே போனாள். பெரிய மரத்தின் அடிவேர். நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தாள். வாதுமை மரம்.

திரும்பித் தன் கம்பத்தைப் பார்த்தாள்.

கரையில் நின்ற அந்த வாதுமை மரத்திலிருந்து கடலுக்குள் இருக்கும் தாய்ப்பாறை வரைக்கும் நேர்க்கோடு. கோட்டுக்கு மேற்கே பூட்டின கடல், கிழக்கே திறந்த கடல். ஊர் பிறந்ததிலிருந்து அதுதான் எல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த புயல் மரத்தையும் கொண்டுபோனது, கரையையும் கொண்டுபோனது, யகோமினாவின் வீட்டில் பாதியையும் கொண்டுபோனது. மரம் நின்ற இடத்தில் கம்பம் நடும் வேலை அவள் தலையில் விழுந்தது. அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. அவள் வீட்டுப் பின்வாசலில் நின்று பார்த்தால் கோயில் சிலுவைக்கு நேர் பின்னால் அந்த மரம் தெரியும். பிறந்ததிலிருந்து பார்த்த மரம். அதே மாதிரி வாசலில் நின்று, சிலுவைக்கு நேராகக் கைகாட்டி, கம்பத்தை நடச் சொன்னாள். வீட்டைத் திருப்பிக் கட்டியபோது பின்வாசல் ஐந்தடி தள்ளிப் போனதை மறந்தேபோனாள். தன் வீட்டு வாசலை வைத்துக் கடலை அளந்தால் இப்படித்தான் ஆகும்.

வெறும் நாற்பது அடிதானே என்று விட்டுவிடலாம். விடமுடியாதபடி அந்த நாற்பது அடிக்குள் ஒரு மனுஷன் நின்றான்.

மெசாக், அவளுடைய அக்கா அகுஸ்தாவின் புருஷன். கம்பம் நட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒன்பது லோலாச் சிப்பியோடு அந்த இடத்தில் பிடிபட்டான். மரத்துக்குக் கிழக்கேதான் நின்றேன் என்று அடித்துச் சொன்னான். எங்கே மரம், காட்டுங்கள் மச்சான் என்றாள் யகோமினா. இல்லாத மரத்தை அவன் எங்கே போய்க் காட்டுவான்? சாசியை உடைத்தவன் எடுத்ததைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, தெருமுனைக்குத் தெருமுனை தன் தப்பைத் தானே கத்திச் சொல்லி ஊரைச் சுற்ற வேண்டும். காவலாள் பின்னாலேயே சங்கு ஊதிக்கொண்டு வர வேண்டும். அவள் ஊதினாள். சொந்தம் என்றும் பார்க்காத பெண் என்று ஊர் மெச்சியது. அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான், அதை மறைப்பானேன்.

மறுநாள் மெசாக், தன் வீட்டுக்கும் யகோமினா வீட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் இரும்பு மாதிரி கனத்த ஒரு கம்பத்தை நட்டுப் பலகையை அறைந்து வழியை அடைத்தான். அதோடு அக்கா வீட்டுச் சேகோக் கூழ் நின்றது, பேச்சும் நின்றது. பிள்ளைகள் அவனை 'லோலா மாமா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கோயில் பாட்டுக்குழுவில் கட்டைக் குரலில் பாடுகிறவன், அதற்கப்புறம் கோயில் பக்கமே வரவில்லை.

யகோமினா வேரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். மத்தியானத்துக்குள் வெள்ளம் ஏறிவிடும். மணல் மூடிவிடும். யாருக்கும் தெரியப் போவதில்லை. இன்று சாயங்காலம்தான் சாசியை மறுபடி கட்டுவதா, வேண்டாமா என்று ஊர் கை தூக்கப் போகிறது. வெளியூர்ப் படகுக்காரர்களை முங்கவிட்டு எல்லாவற்றையும் வாரிக்கொள்ளலாம் என்று பாதிப் பேர் காத்திருக்கிறார்கள். எல்லையைத் தப்பாக நட்டேன் என்று காவல்காரியே சொன்னால் அப்புறம் எவன் எல்லையை மதிப்பான்? ஊர் நன்மைக்காக வாயை மூடிக்கொள்ளலாம். நியாயம் கச்சிதமாகத்தான் இருந்தது. இரண்டு கை மணலை அள்ளி வேர்மேல் போட்டாள்.

மூன்றாவது கை எழவில்லை. இரண்டாவது தெருமுனையில் மெசாக்கின் குரல் உடைந்தது ஞாபகம் வந்தது. அப்போதும் அவள் நிறுத்தாமல் ஊதிக்கொண்டேதான் இருந்தாள். எழுந்து, எல்லையில் கட்டியிருந்த குருத்தோலையை அவிழ்த்தாள். அவள் திருடினது சிப்பி இல்லை, ஒருவனுடைய பேர். அதைக் கழுத்தில் கட்ட முடியாது. குருத்தோலையைக் கட்டிக்கொண்டாள்.

ஒன்பது மணிக்குக் கோயில் முன்னால் ஊரே கூடையும் கையுமாக நின்றது. சங்கு ஊதுவாள் என்று பார்த்தால் அவள் வாய் திறந்தாள்.

"நான் யகோமினா. எல்லைக் கம்பத்தைத் தப்பான இடத்துல நட்டேன். மரத்து வேரு இன்னிக்கு வேற இடத்துல தெரியுது. மெசாக் மச்சான் வெளியிலதான் நின்னாரு. அவர நடக்க வச்சது என் தப்பு."

ராஜா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சிப்பியை எடுத்த பிறகு சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாமே என்று மெல்லச் சொன்னார். முதலில் எல்லோரும் போய் வேரைப் பாருங்கள், அப்புறம்தான் சிப்பி என்றாள் அவள். சாசியே வேண்டாம் என்கிற கூட்டத்திலிருந்து ஒருவன், வேலியே பயிரை மேய்ந்த கதைதான் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். அவள் நடக்க ஆரம்பித்தாள்.

முதல் தெருமுனையில் மெசாக்கின் வீடு. அவள் சத்தம் கேட்டு அவன் வெளியே வந்து படியில் நின்றான். அகுஸ்தா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"மச்சான், சங்கு ஊத ஆள் இல்லாம இந்த நடை செல்லாது. நீங்கதான் ஊதணும்."

அவன் அவள் கழுத்தில் தொங்கிய ஓலையைப் பார்த்தான்.

"வேரைப் பாத்தியா?"

"பாத்தேன். நகத்தால கீறியும் பாத்தேன்."

"எத்தனை அடி?"

"நாப்பது."

"முப்பத்தஞ்சுக்குக் குறையாதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன்." சங்கை வாங்கிக்கொண்டான். "நட."

மெசாக்குக்குப் பாட வரும், சங்கு ஊத வராது. முதல் ஊதலில் வெறும் காற்றுத்தான் வந்தது. இரண்டாவதில் வந்த சத்தத்தை எழுத முடியாது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனுக்கும் உதடு கோணியது. மூன்றாவது தெருமுனையில் யகோமினாவின் குரல் உடைந்தது, சொல் வரவில்லை. பின்னால் சங்கு நின்றது. அவள் மூக்கைத் துடைத்து, தொண்டையைச் செருமி, மறுபடி சொல்லி முடிக்கும்வரை அவன் காத்திருந்தான். அவனுக்காக அன்று அவள் காத்திருக்கவில்லை. அதை நினைத்துத்தான் மீதித் தெருவெல்லாம் அழுதாள்.

நடை முடிந்து ஊர் முழுக்கக் கரையில் கூடி வேரைப் பார்த்தது. அவள் ஓலையைக் கழற்றி ராஜாவின் கையில் கொடுத்து, இனி வேறு ஆளைப் பாருங்கள் என்றாள். ராஜா யாரைக் கேட்பது என்று தெரியாமல் மெசாக்கைப் பார்த்தார்.

"காவலை அவளே பாக்கட்டும். தன் தப்பையே விடாதவ, நம்ம தப்பை விடுவாளா? கம்பத்தை மட்டும் நான் நடறேன்."

வேர் தண்ணீருக்குள் போவதற்குள் நட வேண்டும். யகோமினா நட்ட கம்பத்தைப் பிடுங்கிப் பார்த்தால் அடியில் பாதிக்கு மேல் உளுத்துப் போயிருந்தது. கரையில் வேறு நல்ல மரம் இல்லை. மெசாக் ஊருக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் ஆணி பிடுங்குகிற சத்தம் கேட்டது, பலகை விழுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவன் தோளில் இருந்தது அந்தச் சந்தில் நட்டிருந்த கம்பம். அதன் அடியில் இன்னும் மண் ஒட்டியிருந்தது.

வேருக்கு நடுவில் வைத்துத் தாய்ப்பாறைக்கு நேராகப் பார்த்துப் பார்த்து அடித்தான். கம்பத்தைச் சாயாமல் பிடித்துக்கொண்டவன், வேலி பயிர் என்று பேசினவன்தான். அவன் சாயங்காலம் கை தூக்குவானோ மாட்டானோ, அப்போது இறுக்கித்தான் பிடித்தான்.

அடித்து முடிக்கும்போது அகுஸ்தா வந்தாள். தெருவைச் சுற்றி வரவில்லை. திறந்த சந்து வழியாக, தங்கை வீட்டுக் கொல்லைக்குள் புகுந்து வந்திருந்தாள். கையில் இரண்டு கூடை. ஒன்று அவளுடையது. இன்னொன்று யகோமினா வீட்டுச் சுவரில் இரண்டு வருஷமாகத் தொங்குவது. அதை நீட்டினாள்.

"ஊதுடி. வெள்ளம் ஏறுது."